கந்தீசா (இசைத்தொகுப்பு)

கந்தீசா என்பது தில்லியைச் சேர்ந்த இந்தியன் ஓஷன் என்னும் ராக் இசைக்குழுவின் மூன்றாவது இசைத்தொகுப்பாகும். இதனை டைம்ஸ் மியூசிக் நிறுவனம் 2000 ஆம் ஆண்டு வெளியிட்டது. ஏழு உருப்படிகளைக் கொண்டது. அதுவரை பெரும்பாலும் கருவியிசையையே நம்பியிருந்த ஒரு குழு, சொற்களை நோக்கியும் குரலை நோக்கியும் திரும்பியதை இத்தொகுப்பில் கேட்கலாம். ஒரு குழு தன் பாணியை மாற்றிக்கொள்ளும்போது பழைய கேட்போர் முகம் சுளிப்பதே வழக்கம். கந்தீசாவுக்கு நேர்ந்தது அதன் எதிர்மாறானது. திரைப்படத்தின் துணையின்றி வெளிவந்த இந்திய ராக் தொகுப்புகளுள் மிகப் பரவலாகக் கேட்கப்பட்டவற்றுள் இதுவும் ஒன்றாகும்.

பெயர்

கந்தீசா என்பது சிரியாக் மொழிச் சொல்லாகும். "தூய", "புனிதமான" என்பது இதன் பொருள். சிரியாக், அரமேயத்தின் ஒரு கிளைமொழி. எபிரேயத்திற்கும் அரபுக்கும் உறவுடையது. எபிரேயத்தின் "கதோஷ்", அரபியின் "குத்தூஸ்" ஆகிய சொற்கள் இதே வேரிலிருந்து பிறந்தவை. கேரளத்தின் தோமா கிறித்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சிரியாக் மொழியிலேயே வழிபாடு நடத்தி வந்தனர். கடவுளைத் தூயவர் என மும்முறை போற்றும் துதியில் இச்சொல் இடம்பெறுகிறது. குமரி மாவட்டத்தில் சீரோ மலபார், சீரோ மலங்கரை சபைகளைச் சேர்ந்த தமிழர்களுக்கும் இது முற்றிலும் அந்நியமான சொல் அன்று.

பின்னணி

1970களிலும் 80களிலும் இந்தியாவில் ராக் இசை என்பது பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்களை அப்படியே மேடையில் திரும்ப இசைப்பதாக இருந்தது. கல்லூரி விழாக்களே இதற்கான முதன்மைக் களம். சென்னை ஐ.ஐ.டி.யில் மார்டி கிரா என்ற பெயரில் நடந்து பின்னர் சாரங் எனப் பெயர் மாறிய விழா போன்றவற்றில், டீப் பர்ப்பிள், லெட் செப்பெலின் முதலிய குழுக்களின் பாடல்களை மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இசைக்கிறார்கள் என்பதே திறமைக்கு அளவுகோலாகக் கருதப்பட்டது. சொந்தப் பாடல்களை எழுதிய குழுக்களும் ஆங்கிலத்திலேயே எழுதின. 1984 இல் தோன்றிய மும்பையின் ராக் மெஷீன் (1993 முதல் இண்டஸ் கிரீட்) இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. கொல்கத்தாவில் 1975 இல் தொடங்கப்பட்ட மொஹீனேர் கோடாகுலி வங்க மொழியில் பாடியது ஓர் அரிய விலக்கு. அக்குழு தன் காலத்தில் அதிகம் கேட்கப்படவில்லை, பிற்காலத்திலேயே கொண்டாடப்பட்டது.

தமிழ்நாட்டில் நிலைமை சற்று வேறாக இருந்தது. இங்கு மேற்கத்திய இசையில் தேர்ந்தவர்களைத் திரையிசையே தன்னுள் இழுத்துக்கொண்டது. இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்?" (1986) போன்ற திரைசாராத் தொகுப்புகள் அரிதாகவே வெளிவந்தன. ஏ. ஆர். ரகுமான் திரைக்கு வருவதற்கு முன் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் இசைத்தவர். 1992 இல் ரோஜா வெளியான பின் அவரது திறமை முழுவதும் சென்ற இடம் திரையரங்கே. தமிழில் கந்தீசாவுக்கு நிகரான ஒன்று அந்தக் காலத்தில் உருவாகாமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தியன் ஓஷன் குழு, கிதார் கலைஞர் சுஷ்மித் சென், தபலா கலைஞரும் பாடகருமான அசீம் சக்கரவர்த்தி ஆகிய இருவரின் கூட்டு முயற்சியாகத் தொடங்கி, 1990 இல் இப்பெயரைப் பெற்றது. பேஸ் கிதார் கலைஞர் ராகுல் ராம் 1991 இலும், டிரம்ஸ் கலைஞர் அமித் கிலாம் 1994 இலும் இணைந்தனர். இந்நால்வர் அமைப்பே பதினைந்து ஆண்டுகள் நிலைத்தது.

முதல் தொகுப்பான "இந்தியன் ஓஷன்" 1993 இல் எச்.எம்.வி. நிறுவனத்தின் வழி வெளிவந்தது. இரண்டாவது தொகுப்பான "டெசர்ட் ரெயின்" (1997) ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானதன்று. தெரு நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மி 1989 சனவரி 1 அன்று தில்லியை அடுத்த சாகிபாபாத்தில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். அவர் நினைவாகத் தோன்றிய சஹ்மத் அமைப்பு ஆண்டுதோறும் சனவரி முதல் நாளில் கலைநிகழ்ச்சி நடத்துவது வழக்கம். 1997 ஆம் ஆண்டு அந்நிகழ்ச்சியில் குழு இசைத்ததன் பதிவே டெசர்ட் ரெயின் ஆகும். இந்திய ராக் குழு ஒன்றின் நேரடி நிகழ்ச்சி முழுத் தொகுப்பாக வெளிவருவது அன்று அரிது.

பாணி மாற்றம்

டெசர்ட் ரெயினைக் கேட்டுவிட்டு உடனே கந்தீசாவைக் கேட்பவருக்கு வேறுபாடு எளிதில் புலப்படும். முன்னதில் மையம் சுஷ்மித் சென்னின் கிதார். அவர் ராக் கிதாரின் அடையாளமாகக் கருதப்படும் கரகரப்பொலியை ஏறக்குறைய முற்றிலும் தவிர்த்தவர். இந்துஸ்தானி இசையின் சாயல் கொண்ட ஒற்றைச்சுர ஓட்டங்களும், சுழன்று சுழன்று வரும் சிறு தொடர்களுமே அவரது மொழி. குரல் அங்கு உண்டு. ஆயினும் அது பெரும்பாலும் இன்னொரு கருவியைப் போலவே இயங்கியது.

கந்தீசாவில் அந்தக் கிதார் மறையவில்லை. பின்னுக்குச் சென்று குரலுக்கு இடம் கொடுத்தது. பாட்டு முன்னே வந்தது. அசீம் தபலாவை வாசித்துக்கொண்டே பாடும் வழக்கமுடையவர். தாளம் தட்டும் கையும் பாடும் குரலும் ஒரே மனிதரிடமிருந்து வருவதால் சொற்கள் தாளத்தின் மீது அமரும் விதத்தில் ஒரு தனி இறுக்கம் உண்டாகிறது. ராகுல் ராமின் கனத்த குரல் அதற்கு எதிர்முனை. பேஸ் கிதார் பல இடங்களில் பின்னணிக் கருவியாக இல்லாமல் மெட்டையே ஏந்திச் செல்கிறது. தபலாவும் டிரம்ஸும் ஒன்றையொன்று மறைக்காமல் இயங்குவது, அதாவது தபலாவுக்கு நுண்மையும் டிரம்ஸுக்கு வேகமும் என வேலை பிரிந்திருப்பது, இத்தொகுப்பில்தான் முழுமையடைந்தது எனலாம்.

ராகுல் ராமின் பங்கு இங்குத் தனியாகக் குறிப்பிடத்தக்கது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதியியல் பயின்ற அவர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நாடு திரும்பியதும் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லாமல் நர்மதை காப்பு இயக்கத்தில் பணியாற்றினார். அந்த இயக்கத்தின் வழியே மக்கள் பாடல்கள் குழுவுக்குள் நுழைந்தன. கந்தீசாவின் திருப்பத்தை இசை நுட்பத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது. யாருடைய பாட்டைப் பாடுவது என்ற கேள்வியும் அதில் இருந்தது.

உருப்படிகள்

கந்தீசா, மா ரேவா, ஹில்லே லே, கௌன், கியா மாலூம், கஜுராஹோ, லீவிங் ஹோம் ஆகியவை இத்தொகுப்பில் அடங்கியவை. இவற்றுள் முதல் மூன்றும் குழுவினர் எழுதியவை அல்ல. வேறு வேறு மக்களிடமிருந்து வந்தவை.

தலைப்புப் பாடலான "கந்தீசா" மேற்குறிப்பிட்ட சிரியாக் வழிபாட்டுத் துதியை அடிப்படையாகக் கொண்டது. மெதுவாக, ஏறக்குறையத் தயங்கியபடி தொடங்கும் இப்பாடல் சிறிது சிறிதாக ஏறி, இறுதியில் நான்கு கருவிகளும் இரு குரல்களும் ஒன்றாக எழும் நிலையை அடைகிறது. இதில் ஒரு வியப்பு உள்ளது. சீரோ மலபார் சபையின் வழிபாடு 1962 முதல் மலையாளத்திற்கு மாற்றப்பட்டது. அதன் பின் பிறந்த தலைமுறையினருக்குச் சிரியாக் பாடல்கள் மெல்ல மெல்லப் பழக்கமற்றுப் போயின. முதியோர் நினைவிலும் சில ஆலயங்களின் சிறப்பு வழிபாடுகளிலும் எஞ்சியிருந்த ஒரு மொழியின் பாட்டை, அந்தச் சமயத்தோடோ மாநிலத்தோடோ தொடர்பில்லாத இளைஞர்கள் தில்லியிலும் புனேயிலும் கூட்டமாகச் சேர்ந்து பாடத் தொடங்கினர். பாடியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதன் பொருள் தெரியாது. ஒரு துதிப்பாட்டை அதன் ஆலயத்திலிருந்து எடுத்து அரங்கில் வைப்பது முறையா என்ற கேள்வி இங்கு எழத்தான் செய்கிறது. ஆனால் பாடலைக் கேட்கும்போது குழு அதனை வேடிக்கைப் பொருளாக்கவில்லை என்பது தெளிவு. மெட்டின் பணிவு கடைசிவரை கெடவில்லை. கேரளச் சிரியாக் இசையை ஆராய்ந்த ஜோசப் பாலக்கல் மரபு வடிவிலான பாடல்களைத் தொகுத்து "கம்பேல் மாறன்" என்ற குறுந்தகடாக 2002 இல் வெளியிட்டார். ராக் வடிவத்தை அறிந்தவர்கள் மூல மரபைத் தெரிந்துகொள்ள அது நல்ல வாயில்.

"மா ரேவா" நர்மதை ஆற்றைத் தாயாக விளித்துப் போற்றும் நாட்டுப்பாடல். ரேவா என்பது நர்மதையின் பழம்பெயர்களுள் ஒன்று. நர்மதைப் பள்ளத்தாக்கில் பணியாற்றிய காலத்தில் ராகுல் ராம் கற்ற பாடல் இது. ஆற்றின் அழகையும் அலைகளையும் பாடும் இதில் அணை என்ற சொல்லே இல்லை. எதிர்ப்பு முழக்கமும் இல்லை. ஆயினும் சர்தார் சரோவர் அணையால் வீடும் நிலமும் நீரில் மூழ்கவிருந்த மக்களிடமிருந்து வந்த பாட்டு என்று அறிந்து கேட்பவருக்கு அதன் பொருள் மாறிவிடுகிறது. இத்தொகுப்பு வெளியான அதே 2000 ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் அணையின் கட்டுமானம் தொடர அனுமதித்தது. அணை முழு உயரமான 138.68 மீட்டரை எட்டி 2017 செப்டம்பர் 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாடல் இன்றும் குழுவின் மேடைகளில் ஒலிக்கிறது.

"ஹில்லே லே" இந்தி, போச்புரிக் கவிஞர் கோரக் பாண்டேயின் பாடலாகும். 1989 இல் மறைந்த இவர் உழவர் இயக்கங்களோடு நெருங்கிய தொடர்புடையவர்; இவரது பாடல்கள் வட இந்தியாவில் பேரணிகளிலும் தெரு நாடகங்களிலும் பாடப்பட்டவை. மக்கள் படை வருகையில் உலகம் குலுங்குவதைப் பாடும் இப்பாடலைக் குழு ஆவேசமாக அன்றி, துள்ளலாக இசைத்தது. கோபத்தைக் கொண்டாட்டமாக மாற்றிவிட்டார்கள் என்று குறை சொல்ல இடமுண்டு. ஆனால் வயல்வெளியில் இத்தகைய பாடல்கள் எப்போதும் ஆட்டத்தோடு சேர்ந்தே வருபவை என்பதையும் மறந்துவிடலாகாது.

ஏனைய உருப்படிகளில் சுஷ்மித் சென்னின் பழைய பாணி தொடர்கிறது. "லீவிங் ஹோம்" என்பதை டெசர்ட் ரெயினுக்கும் கந்தீசாவுக்கும் இடையிலான பாலமாகக் கொள்ளலாம். குழுவின் கிதார் மொழியை அறிய விரும்புபவர் இதிலிருந்து தொடங்குவது நன்று.

கேட்போரிடையே வரவேற்பு

பாணி மாற்றத்தை இரசிகர்கள் ஏற்காத நிகழ்வுகள் ராக் வரலாற்றில் பல. 1965 சூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாருடன் மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். கந்தீசா வெளியான 2000 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு "கிட் ஏ" தொகுப்பை வெளியிட்டது. "ஓகே கம்ப்யூட்டர்" (1997) தொகுப்பின் கிதார் இசையை எதிர்பார்த்திருந்தவர்கள் மின்னணு ஒலிகளைக் கேட்டுக் குழம்பினர். திறனாய்வாளர்களும் இரண்டாகப் பிரிந்தனர். அத்தொகுப்பு நிலைபெறச் சில ஆண்டுகள் பிடித்தன.

கந்தீசாவுக்கு இச்சிக்கல் எழாததற்குச் சில காரணங்களைக் கூறலாம். முதலாவது, மாற்றத்தின் திசை. ரேடியோஹெட் பழக்கமானதிலிருந்து விலகிச் சென்றது. இந்தியன் ஓஷன் பழக்கமானதை நோக்கி வந்தது. கருவியிசையைப் பொறுமையாகக் கேட்கும் வழக்கம் இந்திய ராக் இரசிகர்களுள் சிலரிடமே இருந்தது. பாட்டும் தபலாவும் எல்லோருடைய வீட்டிலும் இருந்தவை. இரண்டாவது, இம்மாற்றம் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டதன்று. குழுவின் பாடல்கள் ஒன்றாக அமர்ந்து இசைத்துப் பார்ப்பதன் வழியே உருவானவை. மேடையில் இசைத்துப் பழகிய பிறகே ஒலிப்பதிவுக்குச் சென்றவை. எனவே குழுவைத் தொடர்ந்து கேட்டவர்களுக்குக் கந்தீசா அதிர்ச்சியாக வரவில்லை. ஏற்கனவே தெரிந்த பாடல்கள் கடைசியில் கையில் கிடைத்ததாகவே இருந்தது.

மூன்றாவது காரணம் பரவிய விதம். 2000 ஆம் ஆண்டு இந்தியாவில் ஒலிநாடா இன்னும் வழக்கொழியவில்லை. அதே நேரத்தில் பொறியியல் கல்லூரி விடுதிகளில் கணினிகளும் உள்வலையமைப்பும் வரத் தொடங்கியிருந்தன. ஒருவர் வாங்கிய குறுந்தகடு எம்பி3 கோப்புகளாக மாறி விடுதி முழுவதும் பரவுவது வழக்கமாயிற்று. இவ்வாறு கேட்டவர்களில் பலர் காசு கொடுக்கவில்லை; ஆனால் குழு ஊருக்கு வந்தபோது அரங்கை நிறைத்தவர்களும் அவர்களே. 2010 இல் குழு தன் அடுத்த தொகுப்பின் பாடல்களை மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே வழங்கத் தீர்மானித்தது.

இங்கு மொழியைப் பற்றியும் ஒரு சொல். இந்தித் திரையிசையில் ஆர்வமில்லாத தென்னிந்தியக் கேட்போரும் கந்தீசாவை ஏற்றனர். தலைப்புப் பாடல் இந்தியில் இல்லாததும், எவருக்குமே புரியாத மொழியில் இருந்ததும் ஒருவகையில் அனைவரையும் சமமாக்கியது. தில்லி மாணவனுக்கும் சென்னை மாணவனுக்கும் அச்சொற்கள் ஒரே அளவு தொலைவில் இருந்தன. ராக் இசைக்கு ஆங்கிலமே பொருந்தும், மீறினால் இந்தி என்ற எண்ணத்தை இந்த ஒரு பாடல் உடைத்த அளவுக்கு எந்த வாதமும் உடைக்கவில்லை.

குறைகூறல்கள் இல்லாமலில்லை. இதனை ராக் என்று அழைக்கலாமா என்ற ஐயம் இன்றளவும் எழுப்பப்படுகிறது. கரகரப்புக் கிதாரும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, டிரம்ஸுக்குப் பக்கத்தில் தபலா இருக்கிறது. மறுபுறம், கலப்பிசை என்னும் பெட்டிக்குள்ளும் இது எளிதில் அடங்குவதில்லை. கலப்பிசை மேடைகளில் இரு மரபுகளின் தேர்ந்த கலைஞர்கள் மாறி மாறித் தம் திறமையைக் காட்டுவது வழக்கம். இங்கோ நால்வரும் ஒரே பாட்டுக்குள் அடங்கி நிற்கின்றனர்.

பின்னர்

கந்தீசாவுக்குப் பின் குழு கபீரின் பாடலைத் தலைப்பாகக் கொண்ட "ஜீனி" (2003) தொகுப்பை வெளியிட்டது. அனுராக் காசியப்பின் "பிளாக் ஃபிரைடே" திரைப்படத்திற்கு இசையமைத்தது. 1993 மும்பைக் குண்டுவெடிப்புகளைப் பற்றிய அப்படம் நீதிமன்றத் தடையால் தாமதமாகி 2007 இல் திரைக்கு வந்தது. பியூஷ் மிஸ்ரா எழுதிய "பந்தே" என்ற பாடல் அதற்கு முன்பே பெரும்புகழ் அடைந்திருந்தது. "பீப்ளி லைவ்" (2010), "மசான்" (2015) ஆகிய படங்களிலும் குழுவின் இசை இடம்பெற்றது.

அசீம் சக்கரவர்த்தி 2009 திசம்பர் 25 அன்று காலமானார். தபலாவும் பாட்டும் ஒரே கலைஞரிடம் இணைந்திருந்த அமைப்பு அத்துடன் முடிவுற்றது. அவர் இடத்தை ஒருவரால் நிரப்ப இயலாது என்பதால் தபலாவுக்குத் துகீன் சக்கரவர்த்தியும் பாட்டுக்கு இமான்சு ஜோஷியும் எனப் பணி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அவர் குரல் பதிவாகியிருந்த கடைசித் தொகுப்புக்கு, தில்லி கரோல் பாக்கில் குழு பல ஆண்டுகள் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரியே பெயராயிற்று: "16/330 கஜூர் ரோடு" (2010). அதே ஆண்டு ஜெய்தீப் வர்மா இயக்கிய "லீவிங் ஹோம்" என்ற ஆவணப்படம் திரையரங்குகளில் வெளியாகி, பின்னர் தேசியத் திரைப்பட விருதும் பெற்றது. அதன் பெயர் கந்தீசா தொகுப்பின் உருப்படியிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

சுஷ்மித் சென் 2013 இல் விலகினார். நிகில் ராவ் கிதார் கலைஞராக இணைந்தார். "தண்டனு" (2014) தொகுப்பில் கஞ்சிராக் கலைஞர் வி. செல்வகணேஷ், வயலின் கலைஞர் குமரேஷ் ஆகியோர் விருந்தினராக இசைத்தனர். "தூ ஹை" தொகுப்பு 2023 இல் வெளிவந்தது.

தென்னிந்தியாவில் தாய்மொழியில் பாடும் ராக் குழுக்கள் கந்தீசாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெருகின. திருவனந்தபுரத்தில் தோன்றிய அவியல் குழுவின் மலையாளத் தொகுப்பு 2008 இல் வந்தது. கருநாடக இசைக் கீர்த்தனைகளை ராக் வடிவில் தரும் பெங்களூரின் அகம், சென்னையில் கானாவையும் ராக்கையும் சொல்லிசையையும் இணைத்து 2018 இல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஆகியவை வேறு வேறு நோக்கமுடையவை. இவை அனைத்தும் இந்தியன் ஓஷனைப் பின்பற்றியவை என்று கூறிவிட முடியாது; அவற்றின் இசையும் அரசியலும் தனித்தனி. ஆனால் அவை வந்தபோது, தாய்மொழியில் ராக் கேட்பதற்குப் பழகிய செவிகள் ஏற்கனவே காத்திருந்தன.